நாய்க்கு மீன் போடலாமா? மலைக்கு மேலே வந்து சேரும் மீனைப் பற்றி ஒரு பதில்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். வீட்டில் மூன்று வயது லேப்ரடார் ஒன்று, ஆறு மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்று. புதன், சனி இரண்டு நாளும் தெருவுக்கு மீன் வண்டி வருகிறது. வாடிக்கை வீடு என்பதால் மீன்காரர் தலை, குடல் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, "நாய்க்குப் போடுங்கம்மா" என்று சும்மாவே கொடுத்துவிட்டுப் போகிறார். பச்சையாகப் போடுவதுதான் நாயின் இயற்கைக்கு ஏற்றது என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். மீன் சூடு, முடி கொட்டிவிடும் என்கிறார் மாமியார். இருவருக்கும் நடுவில் பையைக் கையில் வைத்துக்கொண்டு இவர் கேட்கிறார்: போடலாமா, கூடாதா?

போடலாம். நாய்க்கு மீன் நல்ல தீனி. ஆனால் அந்தப் பையில் இருப்பதை அப்படியே கவிழ்க்கக் கூடாது.

நான் இந்த நீலகிரி மலையில் இருபத்தேழு வருஷம் கால்நடை மருத்துவம் பார்த்தவன். மாட்டுக்கென்று வந்தவன், கடைசிப் பத்து வருஷத்தில் பார்த்ததில் பாதிக்கு மேல் நாய்தான். "மீன் தின்னு கெட்டுப்போச்சு டாக்டர்" என்று தூக்கிக்கொண்டு வந்த நாய்களை நினைத்துப் பார்த்தால், மீனின் சதையால் கெட்டது அபூர்வம். முள்ளால் கெட்டது உண்டு, உப்பால் உண்டு, குழம்பால் உண்டு, தூண்டிலால்கூட உண்டு. எல்லாவற்றையும்விட, மீன் கடலிலிருந்து இங்கே ஏறிவர எடுத்துக்கொண்ட நேரத்தால் கெட்டது அதிகம். எந்த மீன் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த மீன் எப்படி மேலே வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், வயதுக்கு மரியாதை. மீனில் இருப்பது முடியைக் காப்பாற்றுகிற எண்ணெய். மாத்திரை டப்பாவில் ஒமேகா-3 என்று போட்டிருப்பார்களே, அதில் வேலை செய்பவை ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள். ஆளி விதையில் இருக்கும் ஒமேகா-3 வேறு வகை. அதை இந்த இரண்டாக மாற்றிக்கொள்வதில் நாயின் உடம்பு மந்தம். மீனில் இவை நேராகவே கிடைத்துவிடுகின்றன. தோல் அரிப்புக்கும் கிழட்டு நாயின் மூட்டு வலிக்கும் நாங்கள் சீட்டில் எழுதித் தருவதும் இந்த எண்ணெயைத்தான். உணவு ஒத்துக்கொள்ளாமல் சொறியும் நாய்களை எடுத்துக்கொண்டால் மாட்டிறைச்சி, பால், கோழி இவைதான் முன்வரிசையில் நிற்கும். மீன் எங்கோ பின்னால். கோழி சேராத நாய்க்கு, கொஞ்ச நாள் மீனும் சோறும் மட்டும் கொடுத்துப் பாருங்கள் என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் பெரியவர்கள் வெறுமனே சொல்லிவிடவில்லை. அந்தக் காலத்தில் நாய்க்குக் கிடைத்தது மீனா? நேற்றைய மீன் குழம்பு, இல்லையென்றால் சுட்ட கருவாட்டின் தலை. உப்பும் மிளகாயும் புளியும் சேர்ந்து வயிற்றைப் புரட்டி, பேதி போய், தோல் காய்ந்து கிடந்த நாயைப் பார்த்தவர்கள் அதைச் "சூடு" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பார்த்தது சரி. பழிதான் மீன் மேல் விழுந்துவிட்டது.

இப்போது கல்லூரித் தம்பிக்கு. பச்சை மீன் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். காரணம், ஊட்டி ஏரியில் இருக்கிறது.

ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்குச் சிக்குகிற கெண்டை இந்த ஊர் மீன் அல்ல. 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட ஐரோப்பிய இனம். உடம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செதில், பழைய கண்ணாடிச் சில்லு ஒட்டினது போல இருக்கும். கண்ணாடிக் கெண்டை என்று பேர் வந்தது அதனால்தான். குளிர் தாங்கும், கிடைத்ததைத் தின்னும், மளமளவென்று பெருகும். இங்கிருந்துதான் நாட்டின் மற்ற ஊர்களுக்கும் போனது. இன்று இந்த மலையில் மலிவாக, சில வீடுகளுக்குக் காசில்லாமலேயே கிடைக்கும் மீன் இதுதான். நாய்க்குப் பச்சையாகப் போய்ச் சேருவதும் பெரும்பாலும் இதுதான்.

அந்தக் கெண்டை ஊட்டிக்கு வருவதற்கு ஏழு வருஷம் முன்னால், 1932-ல், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சாஸ்டெக் என்பவரின் வெள்ளி நரிப் பண்ணையில் ஒரு விபரீதம் நடந்தது. ரோமத்துக்காக வளர்த்த நரிகளின் தீனியில் பச்சைக் கெண்டையைச் சேர்த்திருந்தார்கள். நரிகள் முதலில் தீனியை ஒதுக்கின. அப்புறம் கால் தடுமாறியது, இழுப்பு வந்தது, வரிசையாகச் செத்தன. காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. கெண்டையின் உடம்பில் தயமினேஸ் என்றொரு நொதி இருக்கிறது. தீனியில் உள்ள பி1 வைட்டமினை, அதாவது தயமினை, அது உடைத்துவிடும். நரி வயிறு நிறையத் தின்னும், ஆனால் அந்த வைட்டமின் மட்டும் உடம்பில் சேராது. மீனை வேகவைத்துப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை, ஏனென்றால் சூட்டில் நொதி செத்துவிடும். அந்த நோய்க்கு இன்றும் சாஸ்டெக் வாதம் என்றுதான் பேர். நரிக்கும் நாய்க்கும் வயிறு ஒன்றுவிட்ட உறவு, அதனால் கதை நமக்கும் பொருந்தும்.

இந்த வைட்டமினுக்கும் நம் மலைக்கும் இன்னொரு பழைய சம்பந்தம் உண்டு, சொல்லாமல் போக மனம் வரவில்லை. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில் 1918-ல் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். தீட்டிய வெள்ளை அரிசி மட்டும் தின்ற புறாக்கள் தலை பின்னோக்கி வளைந்து, நிற்க முடியாமல் விழுந்ததைப் பார்த்துப் பார்த்து எழுதியவர் அவர். அதுவும் இதே பி1 குறைவுதான். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. பக்கத்துச் சிம்ஸ் பூங்காவுக்கு வருகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைப்பேன்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நம் வீட்டு நாய்க்கு அடிப்படைச் சாப்பாடு வெள்ளைச் சோறு. அதில் பி1 முன்பே குறைவு. அதன் மேல் தினமும் பச்சைக் கெண்டையைப் போட்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். ஒருநாள் இருநாளில் ஒன்றும் ஆகாது, அதனால்தான் "நாங்க போட்டோம், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். வாரக்கணக்கில் போட்டால் முதலில் பசி குறையும், வாந்தி வரும். பிறகு படி ஏறும்போது பின்கால் இழுக்கும், தலை ஒரு பக்கம் சாயும். இந்தக் கட்டத்தில் கொண்டுவந்தால் பி1 ஊசி போட்டுத் திருப்பிவிடலாம். வலிப்பு வரைக்கும் விட்டால் கஷ்டம். இந்த நொதி கெண்டையில் மட்டும் என்றில்லை, நெத்திலியிலும் மத்தி வகைகள் சிலவற்றிலும் உண்டு. குடல் பகுதியில் அதிகம். ஃப்ரீசரில் வைத்தால் போகாது, கொதித்தால்தான் போகும்.

"ஃப்ரீசரில் வைத்தால் புழு செத்துவிடுமே?" என்று தம்பி கேட்பான். சாகும், மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் இருந்தால். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி, நாலு தடவை கதவு திறந்து, இரண்டு தடவை கரண்ட் போய், அந்தக் குளிரை ஏழு நாள் பிடித்து வைத்திருக்குமா? குளத்து மீனில், அணை மீனில் நாடாப்புழுக் குஞ்சுகள் இருக்கலாம். ஒரு கொதியில் தீரும் காரியத்துக்கு எதற்கு இந்தச் சோதனை.

இணையத்தில் தேடினால் வேறொரு பயமும் கண்ணில் படும்: பச்சை ட்ரவுட், சால்மன் மீன் தின்ற நாய் இரண்டு வாரத்துக்குள் செத்துவிடும் என்று. உண்மைதான், ஆனால் அது அமெரிக்காவின் பசிபிக் கரைப் பக்கத்துக் கதை. அந்த நோய்க் கிருமியைச் சுமக்கும் புழு வளர, அங்கே இருக்கும் ஒருவகை நத்தை வேண்டும். நமக்கும் ஊட்டிப் பக்கத்து அவலாஞ்சியில் 1907-லிருந்து ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது, ஆனால் நம் ஓடைகளில் அந்த நத்தை இல்லை. ஆகவே யாராவது ட்ரவுட் கொண்டுவந்து கொடுத்தால் பயப்படாமல் வேகவைத்துப் போடுங்கள். இல்லை, நீங்களே சாப்பிடுங்கள். ட்ரவுட்டை நாய்க்குப் போடும் வசதி எனக்கு வந்ததில்லை.

சரி, வண்டிக்கு வருவோம். இங்கே வரும் கடல் மீனில் ஒரு பங்கு கோயம்புத்தூர் உக்கடம் மார்க்கெட்டிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக ஏறுகிறது. இன்னொரு பங்கு கோழிக்கோட்டிலிருந்து நாடுகாணி, கூடலூர் வழியாக வருகிறது. பிடித்த படகிலிருந்து உங்கள் வாசல் வரைக்கும் ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். ஐஸ் நன்றாக இருந்தால் மூன்றாம் நாள்கூட மோசமில்லை. ஐஸ் இல்லாமல் சமவெளி வெயிலில் நாலு மணி நேரம் கிடந்திருந்தால் முதல் நாளே ஆபத்து.

காரணம் இதுதான். அயிலை, மத்தி, சூரை போன்ற கருஞ்சதை மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஏராளம். மீன் செத்த பிறகு 4 டிகிரிக்குக் கீழே வைக்காவிட்டால் செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக, அதாவது உடம்பில் வீக்கமும் தடிப்பும் கொண்டுவரும் பொருளாக, மாற்றத் தொடங்கும். ஒருமுறை ஹிஸ்டமின் சேர்ந்துவிட்டால் கொதிக்கவைத்தாலும் போகாது, பொறித்தாலும் போகாது. அதற்கென்று தனி வாடையும் கிடையாது. இங்கே நமக்கு இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கீழே கெட்டுப்போன மீன், மலைப்பாதையில் பர்லியாறு தாண்டிக் குளிரில் ஏறியதும் வாடை அடங்கிவிடும். காலை ஏழு மணிக் குளிரில் மூக்கை நம்பி மீன் வாங்கக் கூடாது.

அருவங்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பொமரேனியனைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். காலையில் வேகவைத்த அயிலை போட்டிருக்கிறார்கள், உப்புக்கூட இல்லாமல், ஒழுங்காக முள் எடுத்து. ஒரு மணி நேரத்தில் முகம் பூசணிக்காய் போல வீங்கி, கண் இரண்டும் மூடிக்கொண்டு, இரண்டு தடவை வாந்தி. பாம்பு என்று பயந்து ஓடிவந்திருக்கிறார்கள். நான் நாயைப் பார்ப்பதற்கு முன்னால் கூட வந்திருந்த பையனைப் பார்த்தேன். அவன் கன்னமும் கழுத்தும் சிவந்து தடித்திருந்தன. "நீ என்னடா சாப்பிட்டே?" என்றேன். அதே அயிலை, குழம்பாக. நாய்க்கு ஊசி போட்டேன், பையனை மனிதர் டாக்டரிடம் அனுப்பினேன். சாயங்காலம் இரண்டு பேரும் சரியாகிவிட்டார்கள்.

ஆகவே வாங்கும்போது பெட்டியின் மேல்தட்டை மட்டும் பார்க்காமல் அடியில் கைவிட்டுப் பாருங்கள். அடியிலும் ஐஸ் இருக்கிறதா, இல்லை தண்ணீர்தானா? செவுளைத் தூக்கினால் சிவப்பா, காபிப் பொடி நிறமா? விரலால் அமுக்கினால் பள்ளம் எழும்பி வருகிறதா? மத்தியாக இருந்தால் வயிற்றைப் பாருங்கள். வயிறு வெடித்துக் குடல் எட்டிப் பார்க்கிற மத்தி, நாய்க்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். "நாய்க்குத்தானே" என்று ஒதுக்கின மீனை வாங்குவதில்தான் முக்கால்வாசித் தொல்லை ஆரம்பிக்கிறது.

எந்த மீன் என்று கேட்டால், சின்ன மீன். மத்தி, நெத்திலி, சின்ன அயிலை. விலையும் குறைவு, எண்ணெயும் அதிகம், பாதரசமும் குறைவு. பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று பல வருஷம் வாழ்வதால் கடலில் உள்ள பாதரசம் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். சுறா, பெரிய சூரை, பெரிய வஞ்சிரம் எல்லாம் நாய்க்கு வாராவாரம் போடுகிற மீன் அல்ல. வஞ்சிரம் விற்கிற விலைக்கு அந்தக் கவலை யாருக்கும் வராது என்று நினைக்கிறேன். பவானிசாகர் ஜிலேபி பரவாயில்லை, எண்ணெய் குறைவு, விலா முள் முரடு. கட்லா, ரோகு போட வேண்டாம் என்பேன். சதைக்குள்ளேயே கவட்டை முள் ஒளிந்திருக்கும், பொறுமையாகப் பொறுக்கி எடுப்பதற்குள் நாய் கிழமாகிவிடும்.

முள்ளுக்கு வழி குக்கர். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம், அதனால் தண்ணீர் இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நொதியையும் புழுவையும் கொல்ல அது போதும், முள்ளைக் கரைக்கப் போதாது. திறந்த சட்டியில் எவ்வளவு நேரம் வைத்தாலும் முள் முள்ளாகவே இருக்கும். நான் செய்வது இப்படி: அரைக் கிலோ மத்தி, தலையும் குடலும் எடுத்து, வயிற்றோரம் ரம்பம் போலக் கூராக ஒரு வரிசைச் செதில் இருக்குமே, அந்த ஓரத்தைக் கத்தரிக்கோலால் நீளமாக வெட்டிவிடுவேன். மீன் மூழ்கத் தண்ணீர், உப்பு கிடையாது, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டால் போடலாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 35, 40 நிமிடம். ஆறினதும் ஒரு மீனைப் பிட்டு, நடு முள்ளைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்பேன். ஈரச் சுண்ணாம்பு போல நைந்து போனால் சரி. எங்காவது சுருக்கென்று குத்தினால் மூடியைப் போட்டு இன்னும் பத்து நிமிடம். இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஒரு மீன் நைந்திருக்கும், கொஞ்சம் பெரிய இன்னொரு மீன் நைந்திருக்காது.

நைந்த முள்ளோடு போடுவதில் லாபம் உண்டு, அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. உங்கள் ஆறு மாதக் குட்டிக்கு இது முக்கியம். முள்ளில்லாத மீனும் சோறும் மட்டுமே தின்று வளர்கிற குட்டிக்குப் பாஸ்பரஸ் போகும், கால்சியம் போகாது. கால் வளையும், லேசாகக் குதித்தாலே எலும்பு விரியும். வளரும் குட்டிக்கு மீன் கூடுதல் தீனியாக இருக்கட்டும், முழுச் சாப்பாடாக வேண்டாம். வளர்ந்த நாய்க்கு வீட்டுச் சாப்பாடுதான் என்றால், முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மிக்ஸியில் மாவாக அரைத்து வைத்துக்கொள்ளலாம். மட்டமான ஒரு தேக்கரண்டியில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கும். எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் நாயின் எடையைப் பார்த்துச் சொல்லட்டும், குறிப்பாகக் குட்டிக்கு. அதிகமானாலும் எலும்புக்குக் கேடுதான்.

முள் சிக்கின நாயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நாய் வாயை முன்காலால் பிறாண்டும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாமல் கழுத்தை நீட்டும். வீட்டில் உடனே சோற்று உருண்டையும் வாழைப்பழமும் திணிப்பார்கள். மனிதருக்கே அது சரியான வைத்தியம் இல்லை. நாயிடம் முள் இன்னும் ஆழமாக இறங்கும். பல நேரம் முள் தொண்டையிலேயே இருக்காது, மேல் அண்ணத்தில் இரண்டு பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் குறுக்கே பாலம் போல மாட்டியிருக்கும். மயக்க ஊசி போட்டு இடுக்கியால் எடுத்தால் ஒரு நிமிஷ வேலை.

ஆனால் வாய்க்குள் நீங்கள் கைவிடாதீர்கள். வெறிநோயிலும் இதே கோலம்தான்: எச்சில், விழுங்க முடியாமை, தாடை தொங்குவது. "முள் மாட்டியிருக்கு" என்று நினைத்துக் கையைவிட்டு, பிறகு வரிசையாக ஊசி போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். தடுப்பூசி போட்ட நாயா, சமீபத்தில் வேறு நாய் கடித்ததா என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெறிநாய்க்கடி ஊசிக்கென்று 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய ஊர்க்காரர்கள் நாம், அவலாஞ்சி பொரிப்பகம் வந்த அதே வருஷம்.

தூண்டில் கதை எமரால்டு அணைப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றில் நடந்தது. அணையில் கெண்டை பிடித்தவர்கள் கரையில் விட்டுப்போன தலையை ஒரு நாய் விழுங்கிவிட்டது, உள்ளே தூண்டில் முள்ளும் தூண்டில் நரம்புமாக. வாயிலிருந்து ஒரு முழம் நரம்பு தொங்கியதைப் பார்த்து யாரோ வெடுக்கென்று இழுத்துவிட்டார்கள். தூண்டில் முள் உணவுக்குழாயில் இறங்கி நின்றுவிட்டது. கீழே கொண்டுபோய் அறுவை செய்துதான் காப்பாற்ற முடிந்தது. நரம்பு தொங்கினால் இழுக்காதீர்கள், வெட்டவும் செய்யாதீர்கள். கழுத்துப் பட்டையில் முடிந்துவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நரம்பின் முனை வெளியே இருந்தால்தான் டாக்டருக்கு வழி தெரியும்.

இனி அந்தப் பை. குடல் வேண்டவே வேண்டாம். முதலில் கெடுவது அதுதான், புழுவும் நொதியும் அதிகம் இருப்பதும் அதில்தான். பல மீன்களின் கழிவைக் கலந்து கட்டிய பையில் பேத்தை மீனின் துண்டு ஒன்று சேர்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. அதன் விஷம் வேகவைத்தாலும் போகாது. தலை மட்டும், அதுவும் நீங்கள் வாங்கின மீனின் தலை என்று தெரிந்தால், செவுளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேகவைத்து, சாற்றை வடிகட்டிச் சோற்றில் ஊற்றலாம். கன்னத்துச் சதையைக் கிள்ளிப் போடலாம். மிச்சத்தை எறியத்தான் வேண்டும். செவுள் மூடி எலும்பு, பிளேடு போல இருக்கும்.

குழம்பு கூடாது என்பதற்கு மிளகாயைவிடப் பெரிய காரணம் வெங்காயமும் பூண்டும். இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெங்காயம் ஒரு கிலோ எடைக்கு 15 கிராமிலிருந்தே ரத்தத்தில் மாற்றம் தெரியும். பத்துக் கிலோ நாய்க்கு அது 150 கிராம். ஒரே நாளில் அவ்வளவு தின்னாது என்பீர்கள். ஆனால் நாலு நாள் தொடர்ந்து சின்ன வெங்காயக் குழம்பு ஊற்றினாலும் கணக்கு சேரும். பூண்டு இன்னும் காரம், அதுவும் நம் மலைப் பூண்டு. பொறித்த மீனின் தோலும் எண்ணெயும் லேப்ரடாருக்குக் கணைய அழற்சியைக் கொண்டுவரும். முன்காலை நீட்டி, பின்புறத்தைத் தூக்கிக் கும்பிடுவது போல நின்று வாந்தி எடுத்தால் அதுவாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது.

கருவாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். உப்புக் கருவாடு வேண்டாம். கழுவினாலும் ஊறவைத்தாலும் உள்ளே ஏறின உப்பு முழுசாக இறங்காது. இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கு ஒரு துண்டுகூட ஆகாது. உப்புப் போடாமல் வெயிலில் மட்டும் காய்ந்த நெத்திலி கிடைத்தால், வெந்நீரில் அலசி, வேகவைத்து, பயிற்சிக்குக் கையில் ஒன்றிரண்டு கொடுக்கலாம்.

அளவு: பத்துக் கிலோ நாய்க்கு ஒரு வேளைக்குச் சின்ன மத்தி இரண்டு, உங்கள் லேப்ரடாருக்கு நாலு, வாரம் இரண்டு நாள். வண்டி வருகிற நாள் கணக்கும் அதுதான். அன்றைக்கு மற்ற தீனியைக் கொஞ்சம் குறையுங்கள், லேப்ரடார் காற்றைக் குடித்தே பெருக்கும். முதல் தடவை ஒரு துண்டு மட்டும் போட்டு இரண்டு நாள் சாணத்தைப் பாருங்கள். குட்டிக்கு ஒரு மீன் போதும். சிறுநீரகம் கெட்ட நாய், முன்பு கணைய அழற்சி வந்த நாய் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மீன் பிடிக்காத வீடுகளில் மாத்திரை வாங்குவார்கள். அட்டையைப் படியுங்கள். மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. மஞ்சள் முத்து போல இருக்கும் காட் மீன் ஈரல் எண்ணெயில் ஏ, டி வைட்டமின்கள் செறிவாக இருக்கும், நாய்க்குத் தினமும் கொடுத்தால் உடம்பில் தேங்கி எலும்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெறும் மீன் எண்ணெய் என்றால், ஈ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் சேர்ந்து பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 2 கிராம் என்பது மேல் எல்லை. மருந்தாகக் கொடுக்கும் அளவு அதற்குள்தான் இருக்கும். கருத்தடை அறுவைக்கு நாள் குறித்திருந்தால் எண்ணெய் கொடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது கீழே இருப்பவர்களுக்குத் தேவைப்படாது. கோத்தகிரியில் கரடி எதற்கெல்லாம் வாசலுக்கு வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு எண்ணெய்க்கே கோயில் கதவைத் தள்ளுகிறது. தோட்டத்து மூலையில் கொட்டின மீன் கழிவு கரடியையும் காட்டுப்பன்றியையும் கூப்பிடும். ரோஜாச் செடிக்கு உரம் என்று புதைத்தாலும் பன்றி கிளறிவிடும். தட்டைச் சுற்றித் தெரு நாய்கள் கூடினால், அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். அப்போது சங்கிலியில் கட்டியிருக்கும் உங்கள் நாய்தான் கைக்கு எட்டும். எங்கள் வீட்டில் மீன் நாளில் நாய்ச் சாப்பாடு மாலை ஐந்து மணிக்கே முடிந்துவிடும். தட்டைக் கழுவிக் கவிழ்த்து உள்ளே வைத்துவிடுவோம், நாயும் உள்ளே வந்துவிடும்.